ஓசி எஸ்.எம்.பி.எஸ். உஷார்!

புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறீங்களா பாஸ்? எந்த ப்ராசஸர், எத்தனை ஜி.பி. ராம்னு கேன்டீன்ல ஒரு வாரம் பட்டிமன்றமே நடந்திருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கி கொட்டேஷனும் வாங்கியாச்சு. அந்தப் பேப்பரோட கடைசி வரியைக் கொஞ்சம் பாருங்க. 'கேபினெட் வித் எஸ்.எம்.பி.எஸ்.'னு இருக்கா? அங்கேதான் வில்லங்கம்! ரெண்டையும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க.

சுவர்ல இருந்து வர்ற 230 வோல்ட் ஏ.சி. கரன்ட்டை 12, 5, 3.3 வோல்ட் டி.சி.யா மாத்தி எல்லா பார்ட்ஸுக்கும் பந்தி பரிமாறுறவர் இந்த எஸ்.எம்.பி.எஸ்.தான். ஓசியில் வர்ற பெட்டியிலும் '450 வாட்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். நம்பிடாதீங்க. பக்கவாட்டு லேபிள்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 18 ஆம்பியரா? 12-ஆல பெருக்கினா வெறும் 216 வாட்! இன்றைய ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான் சாப்பிடுது. மிச்ச வாட் எல்லாம் ஏட்டுச் சுரைக்காய். கேம் சூடு பிடிக்கிற நேரத்துல சிஸ்டம் தானா ரீஸ்டார்ட் ஆச்சுன்னா, விண்டோஸைத் திட்டுறதுக்கு முன்னாடி இவரையும் கொஞ்சம் சந்தேகப்படுங்க. மட்டமான பெட்டியில பாதுகாப்பு சர்க்யூட்டிலும் கை வச்சிருப்பாங்க. அது புட்டுக்கும்போது மதர்போர்டையும் துணைக்குக் கூட்டிட்டுப் போகலாம். அப்பாகிட்ட கெஞ்சி வாங்கின காசு பாஸ்!

சரி, எஃபிஷியன்சி சமாசாரத்துக்கு வருவோம். '80 ப்ளஸ்' முத்திரை 2004-ல் அமெரிக்காவில் பிறந்தது. சுவர்ல இருந்து 100 வாட் இழுத்தா, 80 வாட்டாவது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரணும். மிச்சம் சூடாகி வீண். 2008-ல் ப்ரான்ஸ் (நாடு இல்லீங்க, வெண்கலம்!), சில்வர், கோல்டுன்னு தரம் பிரிச்சாங்க. அப்புறம் பிளாட்டினம், டைட்டானியம்.

உடனே கோல்டுக்குத் தாவணுமா? கணக்குப் போடுவோம். உங்க சிஸ்டத்துக்கு 100 வாட் தேவைன்னா, 80% பெட்டி 125 வாட் இழுக்கும். 90% பெட்டி 111. தினம் 5 மணி நேரம் ஓட்டினா வருஷத்துக்கு மிச்சம் 25 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வச்சாலும் 200 ரூபாய்தான்! ப்ராஜெக்ட், படம், பாட்டுன்னு போற மக்களுக்கு ப்ரான்ஸே தாராளம். ஆனா 300 வாட் லோடுல தினம் 8 மணி நேரம் ரெண்டரிங் பண்ற விஸ்காம் பார்ட்டியா நீங்க? வருஷத்துக்கு 120 யூனிட்டுக்கு மேல மிச்சமாகும். நீங்க கோல்டு வாங்கலாம், தப்பில்லை.

சூடு குறைஞ்சா ஃபேன் மெதுவா சுத்தும். ராத்திரி 2 மணிக்கு ரூம்மேட் தலையணையைத் தூக்கி எறிய மாட்டார். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. 80 ப்ளஸ் டெஸ்ட் நடக்கிறது 23 டிகிரி அறையில. மே மாச ஹாஸ்டல் ரூம் எத்தனை டிகிரின்னு உங்களுக்கே தெரியும். அதனால கொஞ்சம் கூடுதலா வாட் இருக்கட்டும்.

அதுக்காக 850 வாட் வாங்கி பந்தா பண்ணாதீங்க. ரைசன் 5 5600 ப்ராசஸரும் ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டும் முழு மூச்சா ஓடினாலே, மத்ததையும் சேர்த்து சுமார் 250 வாட்தான். நல்ல 550 வாட் போதும். தனி கார்டு இல்லேன்னா 450-ஏ அதிகம். சும்மா இருக்கும்போது 40 வாட் கேட்கிற சிஸ்டத்துக்கு 850 வாட் பெட்டி வச்சா லோடு 5 சதவிகிதம்கூட இல்லை. ஆனா கோல்டு முத்திரைக்கான சோதனையே 20 சதவிகித லோடுலதான் ஆரம்பிக்குது!

கரன்ட் கட் ஆகிற ஊர்க்காரங்க யு.பி.எஸ்.ஸையும் கவனிக்கணும். 600 வி.ஏ.ன்னா வழக்கமா 360 வாட்தான் கொடுக்கும். அதோட 'ஆக்டிவ் பி.எஃப்.சி.' உள்ள எஸ்.எம்.பி.எஸ். சிலது, ப்யூர் சைன் வேவ் இல்லாத மலிவு யு.பி.எஸ்.ஸோட மல்லுக்கு நிக்கும். கரன்ட் போனதும் யு.பி.எஸ். 'பீப்' அடிக்கும், சிஸ்டமோ சேவ் பண்ணக்கூட நேரம் தராம படுத்துடும். முடிஞ்சா கடையிலேயே ரெண்டையும் இணைச்சு, யு.பி.எஸ். ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்துட்டு காசை எண்ணுங்க.