பெங்களூருப் பிள்ளைக்காகக் கொல்கத்தா அழுதது ஏன்?

2017 ஆகஸ்ட் 27 அன்று கால்பந்து வீரர் அகமது கான் பெங்களூருவில் தமது 90-வது வயதில் காலமானார். செய்தி கேட்டு, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப் ரசிகர்கள் வீட்டுப் பெரியவரைப் பறிகொடுத்தவர்கள்போல் கலங்கினார்கள். அவர் அந்த கிளப்பை விட்டு வந்து 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு கிளப்பை ஊராக்குவது ரத்த உறவோ மொழியோ அல்ல, சேர்ந்து பட்ட கஷ்டமும் அதை மறக்காத நன்றியும்தான் என்பதற்கு இந்தத் துக்கமே சாட்சி.

ஈஸ்ட் பெங்கால் 1920-இல் தொடங்கிய கிளப். 1947 பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்தில் வீடு வாசலை விட்டுவிட்டு அகதிகளாக வந்த மக்கள், கொல்கத்தாவில் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள அதைப் பற்றிக்கொண்டார்கள். அணி ஜெயித்த நாளில் ஹில்சா மீன் வாங்கிச் சமைப்பது இன்றும் அவர்கள் வழக்கம். அந்த மக்களைத் தலைநிமிர வைத்தது ‘பஞ்ச பாண்டவர்’ என்ற முன்வரிசை: வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை, எல்லோரும் தென்னாட்டவர். இவர்கள் காலத்தில் 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயம் கிளப்புக்கு வந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றபோது, அந்த ஒற்றை கோலை அடித்தவரும் அகமது கான்தான்.

காசு கொடுத்தால் யாரும் வந்து ஆடுவார்கள், இதில் பாசம் எங்கே என்று கேட்கலாம். ஆட்டக்காரரைக் காசு கூட்டி வரும். ஆனால் ஆட்டத்தை நேரில் பார்த்தே இராத பேரப்பிள்ளைகளைக் கலங்க வைக்க அதனால் ஆகாது. அவர்களுக்கு அகமது கான் தாத்தா சொன்ன கதையாக வந்து சேர்ந்தவர். இந்தப் பாசமே வெறியாகவும் மாறும் என்பது இதைவிடக் கனமான கேள்வி. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில், போட்டி கிளப்பான மோகன் பகானுடன் ஈஸ்ட் பெங்கால் ஆடியபோது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் மாண்டார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நாளைக் கொல்கத்தா பழிவாங்கும் நாளாக்கவில்லை. ஆண்டுதோறும் ரத்த தானம் செய்து நினைவுகூரும் நாளாக்கியது. பாசத்தைத் திருத்தி நல்வழிப்படுத்தியதும் அங்கே துக்கம்தான்.

பெங்களூருவுக்கும் இந்தப் பாசம் புதிதல்ல. அல்சூர் பக்கம், தமிழர் நிறைந்த கௌதமபுரத்தில், புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு கால்பந்து வீரர் பெலேவுக்கும் சிலை நிற்கிறது. 2022 டிசம்பர் 29-இல் பெலே மறைந்தபோது அந்தத் தெருவும் துக்க வீடானது. கடல் கடந்த பிரேசில்காரரைத் தம்மவர் ஆக்கிக்கொள்ளத் தெரிந்த நகரம் இது. கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்சிக்காகத் தொண்டை வற்றக் கத்தும் இளைஞர்களுக்கு அகமது கானின் கதையையும் சொல்லித்தர வேண்டும். 2013-இல் பிறந்த அந்த கிளப்புக்குத் தாத்தா சொல்லும் கதைகள் இன்னும் சேரவில்லை. இந்த ஊரிடமோ அவை நிறைய இருக்கின்றன.