பகிர்வுப் பெட்டியின் தொழில்

வலிய வண்டியாயினும், அதன் வலியை எங்கே எவ்வளவு செலுத்துவது என்பதனை ஓட்டுநர் அறியாவிடின் பயனில்லை. ஜீப், லாண்ட் றோவர் முதலிய வண்டிகளில் இதனை ஒழுங்கு செய்வது, கியர்ப்பெட்டியை அடுத்துப் பொருத்தப்பட்டுள்ள வேறொரு பெட்டியாகும். பொறிவினைஞர் அதனை ‘ட்றான்ஸ்பர் கேஸ்’ என்பர். நாம் பகிர்வுப் பெட்டி எனலாம்.

சாதாரண காரில் எஞ்சினின் விசை இரு சில்லுகளுக்கே செல்லும். பகிர்வுப் பெட்டியிலிருந்தோ இரு தண்டுகள் புறப்பட்டு, ஒன்று பின்னச்சையும் மற்றது முன்னச்சையும் சுழற்றுகின்றன. ஆதலின், வில்பத்துக் காட்டின் மணலிலே பின் சில்லுகள் வழுக்கினும் முன் சில்லுகள் வண்டியை இழுத்துச் செல்லும். வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குதலும் இப்பெட்டியின் தொழிலே. 1941 இல் போருக்கென உற்பத்தியான வில்லிஸ் ஜீப்பில் இதன் தாழ்நிலை விகிதம் 1.97 இற்கு 1 ஆகும். அஃதாவது, தண்டின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்; திருப்புவிசை ஏறத்தாழ இருமடங்காகும். 1948 இல் வெளிவந்த லாண்ட் றோவரிலும் இத்தகைய தாழ்நிலை அமைந்திருந்தது.

இனி, இதனால் விளையும் இடரையும் நோக்குவோம். திருப்பங்களில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட நீண்ட வழியில் ஓடுகின்றன. பெட்டியிலே இரு தண்டுகளும் இறுகப் பிணைந்திருக்கையில் முன்தண்டு விரைந்து சுழல இயலாது. மணலிலும் சேற்றிலும் சில்லு சற்றே வழுக்கி அவ்வேற்றுமையைத் தீர்த்துக்கொள்ளும். கொம்பனித்தெருவின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில், காய்ந்த தாரின்மீது வண்டியை முற்றாகத் திருப்பினால், வழுக்குதற்கு இடமேது? தண்டுகள் முறுகும், ரயர்கள் தேயும், பற்சில்லுகள் உடையவுங்கூடும். எனவே, தார்வீதியை அடைந்ததும் முன்னச்சை விடுவித்தல் வேண்டும். 1970 இல் வந்த றேஞ்ச் றோவர் போன்றவற்றில், இவ்வேற்றுமைக்கு இடங்கொடுக்கும் பற்சில்லுத் தொகுதி நடுவே உண்டு. அவற்றில் நான்கு சில்லுகளும் எப்போதும் விசை பெறலாம்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுளது. பல பகிர்வுப் பெட்டிகளில், எத்தண்டுக்கும் விசை செல்லாத நடுநிலை உண்டு. அந்நிலையில், பிரதான கியர் இடப்பட்டிருந்தாலும் எஞ்சின் சில்லுகளைத் தடுத்து நிறுத்தாது. நுவரெலியாச் சரிவொன்றில் கியரை மட்டும் நம்பி வண்டியை விட்டிறங்கினால் அது தானே உருளும். கீழே விளையாடும் குழந்தைக்கு அதுவே கூற்றாகலாம். ஆதலின் இறங்குமுன் இரு நெம்புகோல்களின் நிலையையும் பார்த்து, கை பிறேக்கை இறுக இழுத்து, சில்லுக்குக் கல்லும் வைத்தல் வேண்டும். இத்தகைய வண்டிகளை இளைஞர் கையில் ஒப்படைக்கும் பழைய மாணவர்கள், திறப்பைக் கொடுக்குமுன் இதனையும் சொல்லிக் கொடுப்பார்களாக.