நிதானம்னா என்னங்க?

‘கொஞ்சம் நிதானமா இருங்க!’

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி, மாமனாருக்குக் கோபம் வந்தாலும் சரி, வீட்டில் இதைத்தான் சொல்கிறோம். சாந்தமாக, சும்மா இருப்பது என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். வார்த்தையின் பூர்வீகத்தைப் பார்த்தால் சங்கதியே வேறு!

வடமொழியில் ‘நிதானம்’ என்றால் மூல காரணம். ஆயுர்வேதத்தில் நோயின் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு இதே பெயர்தான். ‘மாதவ நிதானம்’ என்று அதற்கென்றே ஒரு பழைய நூல் உண்டு. தமிழில் ‘நிதானித்தான்’ என்றால் யோசித்துத் தீர்மானித்தான் என்று பொருள். சாம்பாருக்கு ஸ்பூன் இல்லாமல் ‘கை நிதானமா’ உப்புப் போடுகிறீர்களே, அதுவும் கணிப்புதான். ராயபுரத்தில் ஆட்டோ ஏறி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ‘நிதானமாப் போப்பா’ என்றால் மெதுவாக. ‘அவரு நிதானத்துல இல்லீங்க’ என்றால்... சாயங்காலம் எங்கே போய்விட்டு வந்தார் என்று புரிந்திருக்கும்! கணிக்கிற புத்தி இப்போதைக்கு வேலை செய்யவில்லை என்பதை எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறது பாருங்கள்.

அந்தப் புத்தி உயிர் காக்கிற சமயமும் உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம், கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக, தூக்கத்திலிருந்து எழுந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட நேரத்தில் ‘அமைதியா இருங்க’ என்று யாராவது சொன்னால் கோபம்தான் வரும். வேண்டியது நிதானம்.

முதலில், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது? கொடியில் காயும் துணியே சொல்லிவிடும். காற்று போகிற திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். குறுக்காக விலகிப் போங்கள். அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையக்கூடியது. அதனால் ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். (கொஞ்சம்தான், அதை நம்பி அங்கேயே நிற்கக் கூடாது.) வெளியே வந்ததும், கண்ணைக் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிஷம் கழுவுங்கள்.

இருமலோ, குரல் கம்மலோ, மூச்சு இரைப்போ இருந்தால், ‘விடிஞ்சா சரியாப் போயிடும்’னு படுத்துடாதீங்க. உடனே டாக்டரிடம் போய், என்ன வாசனை அடித்தது, எவ்வளவு நேரம் அதற்குள் இருந்தீர்கள் என்று சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.