யானைத் தோட்டாவும் கத்திரி வெயிலும்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் மாநிலத்தின் வெப்பப் பட்டியலில் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணி 40 டிகிரிக்கு மேல் இடம்பிடிப்பதும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெயிலில் நிற்கும் லாரியின் இரும்புப் பெட்டி தொட முடியாதபடி கொதிப்பதும் வழக்கம். நூறாண்டுக்கு முன் இந்தியாவில் யானையையும் காட்டுமாட்டையும் சுடப் போனவர்களின் தோட்டாக்கள் ஏன் அவ்வளவு பருமனாக இருந்தன என்பதற்கு இந்த வெயிலும் ஒரு விடை.

பருமன் என்றதும் துப்பாக்கி விளம்பரங்கள் விலங்கை நின்ற இடத்தில் வீழ்த்தும் ஆற்றலைப் பேசத் தொடங்கிவிடும். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவின் 32 கிராம் குண்டு நொடிக்கு 655 மீட்டர் வேகத்தில் போய் நான்கு டன் யானைக்குள் தங்கினாலும், அந்த யானை பெறும் வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டர்தான். மண்டையோட்டைத் துளைத்து மூளையை எட்டுவதே காரியம் என்பதால், ஆப்பிரிக்காவில் பெல் என்ற வேட்டைக்காரர் 7 மில்லிமீட்டர் துப்பாக்கியாலேயே யானைகளைச் சாய்த்தார்.

பருமனுக்குக் காரணமான சிக்கல் கார்டைட்டில் இருந்தது. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் வாசலினோடு பிசைந்து, முறுக்கு அச்சில் பிழிவதுபோல் இழைகளாகப் பிழிந்தெடுக்கும் வெடிமருந்து இது. நீலகிரியின் அருவங்காட்டில் ஆங்கிலேயர் அமைத்த தொழிற்சாலைக்கே இதன் பெயர்தான். மெல்லிய முறுக்கு சட்டென்று வேகும், தடித்தது நிதானமாக வேகும், மாவு முன்பே சூடாக இருந்தால் எதுவும் விரைந்து வேகும். கார்டைட் இழையும் அப்படியே. ஆனால் வாணலியை இறுக மூடி, வேகும் முறுக்கே எண்ணெயை மேலும் கொதிக்கவைப்பதாகக் கொண்டால்தான் (எந்த அடுக்களையும் இதற்குச் சம்மதிக்காது) ஒப்புமை நிறைவுபெறும்: இழை எரிந்து வாயுவை உண்டாக்க, வாயு அழுத்தத்தை ஏற்ற, ஏறிய அழுத்தம் இழையை இன்னும் வேகமாக எரிக்கிறது. வெயில் தொடக்கத்தில் ஏற்றிவைத்த சிறு சூடு, உச்ச அழுத்தத்தில் பெரிதாக வந்து நிற்கிறது.

இதன் விளைவு பித்தளைக் கூட்டில் தெரியும். வெடித்த கணத்தில் கூடு விரிந்து துப்பாக்கியின் எஃகு அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் மயிரிழை அளவு சுருங்குவதால்தான் அதை உருவ முடிகிறது. அழுத்தம் அளவுமீறினாலோ, பித்தளை மீளாமல் நீண்டுவிட, தானும் சற்று விரிந்து திரும்பும் எஃகு அதைக் கவ்விக்கொள்ளும். காயம்பட்ட யானை எதிரே வரும்போது காலிக் கூடு வெளிவராத துப்பாக்கி வெறும் தடிதான்.

ஆகவே கூட்டைப் பெரிதாக்கி உள்ளே இடம் விட்டார்கள்; .470 தோட்டாவின் அழுத்த வரம்பு சுமார் 2700 பார் மட்டுமே. ரிக்பி நிறுவனம் 1911இல் கொண்டுவந்த .416 தோட்டாவின் அகன்ற கூட்டுக்கும் இதே காரணம்.

வரலாறு என்று சொல்ல அதிகமில்லை. கிளர்ச்சியாளர்களின் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய அரசு .450 தோட்டாவை இந்தியாவில் தடுக்க, 1907ஐ ஒட்டிக் குழலளவைச் சற்றே மாற்றிப் பிறந்ததுதான் .470. வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாத புதிய வெடிமருந்துகள் வந்தபின், 1956இன் .458 வின்செஸ்டர் மேக்னம் சிறிய கூட்டில் 4300 பாரைத் தாங்கியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இங்கே யானையை நோக்கி நீளும் துப்பாக்கி பெரும்பாலும் மயக்க ஊசிக்கானது. அதில் அழுத்தமானியைப் பார்த்து, தூரத்துக்கு ஏற்ப வாயுவின் அழுத்தத்தைக் கையாலேயே திருகி அமைத்துக்கொள்ளலாம்.