சங்கிலியும் உராய்வும்: நகர்த்திகளின் கலைச்சொல்லாக்கம்

தொழிற்கூடங்களில் வண்டிகளையும் பணிப்பொருள்களையும் கொண்டுசெல்லும் ‘கன்வேயர்’ அமைப்பைக் ‘கடத்தி’ என்பது பொருள்மயக்கம் தருகிறது. அச்சொல் இயற்பியலில் மின்கடத்தியைக் குறித்து நிலைபெற்றுவிட்டது. ஆதலின் இக்கட்டுரை ‘நகர்த்தி’ என்னும் சொல்லை ஆள்கிறது. பட்டறையில் ‘கன்வேயர்’ என்றே வழங்குவது குறையன்று. பாடநூலின் தேவை வேறு.

சங்கிலிநகர்த்தியில், ஓடும் சங்கிலியின் கொக்கி வண்டியைப் பற்றி இழுக்கிறது. அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க் ஃபோர்டு தொழிற்சாலையில் 1913இல் மகிழுந்தின் அடிச்சட்டத்தைக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தனர். 1914இல் முடிவிலாச் சங்கிலி வந்தது. அடிச்சட்டம் ஒன்றைப் பூட்டி முடிக்க முன்னர் 12 மணி நேரத்திற்கு மேலானது. அது 93 நிமிடமாகக் குறைந்தது. ஆயின் கொக்கி விடாது பற்றியிருக்கும் அமைப்பில் ஒரு வண்டியை நிறுத்த வரிசை முழுவதையும் நிறுத்தவேண்டும். இதனைத் தவிர்க்கவே, முன்வண்டியை முட்டியதும் பின்வண்டி கொக்கியினின்று தானே விடுபடும் அமைப்பும் உருவாயிற்று.

உராய்வுநகர்த்தியில் கொக்கியே இல்லை. உள்ளச்சின் சுழற்சி உராய்வினால் புறவுருளைக்குச் செல்ல, உருளைமேல் அமர்ந்த பணிப்பொருள் நகர்கிறது. தடுப்பான் பொருளை மறித்தால் புறவுருளை பொருளோடு நிற்கும். உள்ளச்சு மட்டும் வழுக்கிச் சுழலும். ‘ஸ்லிப்’ எனப்படும் இதனை ‘நழுவல்’ எனப் பெயர்த்தால் பழுதுபோல் ஒலிக்கிறது. பராமரிப்புக் கையேட்டில் அவ்வாறு படிக்கும் தொழிலாளி உருளையை இறுக்கிவிடக்கூடும். அதன்பின் மறிக்கப்பட்ட பொருள் நசுங்கும். வேண்டியே அமைத்த இவ்வியக்கத்திற்கு ‘நெகிழ்சுழற்சி’ என்னும் சொல்லை இவ்வாய்வு முன்வைக்கிறது.