1000 வாட் பவர் சப்ளை போட்டால் கரண்ட் பில் எகிறுமா?

ஓசூரில் இருந்து சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு எஸ்.பி. ரோடு. கேமிங் பிசி பாகங்கள் வாங்க அங்கே கிளம்புறீங்களா? 'எதுக்கும் இருக்கட்டும்'னு 1000 வாட் பவர் சப்ளை எடுக்கும் முன் இதைப் பாருங்க.

1000 வாட் என்பது அது அதிகபட்சம் தரக்கூடிய அளவு. பிசி எவ்வளவு கேட்கிறதோ அதற்கேற்பத்தான் இழுக்கும், பில் எகிறாது. வீணாவது வாங்கும் காசுதான். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு எடுப்பது 145 வாட். முழு பிசிக்கும் என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். மற்ற பாகங்கள், கார்டு கணநேரத்தில் கூடுதலாக இழுப்பது எல்லாம் சேர்த்த கணக்கு அது. 575 வாட் எடுக்கும் 5090-க்கு 1000 வாட் தேவைதான். அது எத்தனை பேர்கிட்ட இருக்கு?

மலிவா கிடைக்கிற, பெயர் தெரியாத '1000 வாட்'டைவிட, 80 பிளஸ் கோல்டு சான்று பெற்ற நல்ல 650 வாட் எவ்வளவோ மேல். மிச்சக் காசுக்கு எஸ்எஸ்டி சேர்க்கலாம்.