உயரத்தின் கணக்கு

பொருளியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் 'ரெக்ரஷன்' எனப்படும் தொடர்புப்போக்குக் கணக்கைக் கற்பித்தவன் நான். வருமானத்தையும் செலவையும் இணைத்துப் பார்க்க நாங்கள் பயன்படுத்தும் இக்கருவி, உயிரியலில் பிறந்தது. 1886-இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன், பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புவதைக் கண்டார். அந்தத் 'திரும்புதல்'தான் அச்சொல்லின் பொருள்.

1918-இல் ரொனால்டு ஃபிஷர் இதற்கு மரபியல் அடிப்படை தந்தார். மெண்டல் விதிப்படி வரும் பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு பங்களித்தால், அவற்றின் கூட்டுவிளைவே உயரம் போன்ற பண்பாக அமையும் என்று கணித வழியில் காட்டினார். ஆனால், அந்த மரபணுக்கள் எவை என்று அறிய அன்று வழியில்லை.

இன்று வழியுண்டு. சுமார் 54 லட்சம் பேரின் மரபணுத் தரவை ஆராய்ந்து 2022-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய 12,111 மரபணு மாறுபாடுகளைக் கண்டறிந்தது. அவற்றுக்கு மதிப்பளித்துக் கூட்டினால், ஐரோப்பிய வம்சாவளியினரிடையே காணப்படும் உயர வேறுபாட்டில் சுமார் 40 சதவீதத்தை விளக்க முடிகிறது. மற்றவர்களிடம் அது 10 முதல் 20 சதவீதமே. ஆய்வுக்கு உட்பட்டோரில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பது இதற்கு முக்கியக் காரணம். ஒரு நாட்டின் குடும்பச் செலவுக் கணக்கை இன்னொரு நாட்டுக்குப் பொருத்தினால் பிழை நேரும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்; இங்கும் அதுவே நேர்கிறது.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. தென் கொரியாவில் 1896-இல் பிறந்த பெண்களைவிட 1996-இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரமானவர்கள். நூறாண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணுக்கள் அவ்வளவு மாறிவிடுவதில்லை. மாறியவை உணவும் சுகாதாரமும்தான். ஏறத்தாழ ஒரே சூழலில் வாழ்வோரிடையே உள்ள வேறுபாட்டை மரபணுக் கணக்கு விளக்கலாம். சூழல் உயர்ந்தால் எல்லோரும் எவ்வளவு உயர்வர் என்பதை அது சொல்லாது.

நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் இம்முறையில் அபாய மதிப்பெண்கள் கணிக்கப்படுகின்றன. இந்தியர் 10,000 பேரின் மரபணுத் தொகுதித் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். நம் மக்களிடம் சோதித்துப் பார்க்காத மதிப்பெண்ணை மருத்துவமோ காப்பீடோ ஏற்கக் கூடாது. வளர்ச்சி குன்றிய குழந்தையைக் காட்டி, 'இது மரபு' என்று அரசு கைவிரிக்கவும் கூடாது. அக்குழந்தையின் தட்டில் என்ன இருக்கிறது என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.